மைக் செட் பெட்டிக்கு எந்த டர்ன்டேபிள்?

விலை உயர்ந்த டர்ன்டேபிள்களைப் பற்றி வரும் ஆங்கில விமர்சனங்களைப் பத்து வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாங்குவதற்காக இல்லை, பொழுதுபோக்குதான். எல்லாவற்றிலும் வெளியே சொல்லாத ஒரு அனுமானம் இருக்கு. நீங்கள் கேட்கப்போவது 33⅓ வேகத்தில் ஓடுகிற ஒரு ஸ்டீரியோ எல்.பி., அதன் நடுத்துளை சரியாக நடுவில் இருக்கிறது, அதை யாரும் இரும்பு முள் போட்டுத் தேய்த்ததில்லை. இந்த அனுமானத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர்களுடைய தரவரிசை மொத்தமும் கலைந்துபோகிறது. தமிழ்நாட்டு ரெக்கார்டு பெட்டி ஒன்றை முன்னால் வைத்து அதைத்தான் இங்கே காட்டப் பார்க்கிறேன்.

பெட்டி யாருடையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதும் சாப்ட்வேர், தொழிற்சாலை மெஷின்களில் ஒட்டியிருக்கும் அதிர்வு சென்சார்களின் தகவலைப் படித்து, பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்வது. அதற்காக ஒரகடம் சிப்காட்டுக்கு அடிக்கடி போகவேண்டி இருக்கும். அங்கே ஒரு டூல் ரூமில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய அப்பா சுங்குவார்சத்திரம் பக்கத்து கிராமம் ஒன்றில் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழ் ஊற்றல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். அவர் போனபிறகு பெட்டி இவரிடம் வந்தது. கூடவே, சிப்காட்டுக்குப் போன நிலத்துக்கு வந்த காசில் கடைசியாக மிஞ்சியிருந்த நாலு லட்சமும்.

"அண்ணே, அப்பா பாட்டு போட்டதை நல்ல மெஷின்ல ஒரு தடவை கேக்கணும். லின் வாங்கலாமா, ரேகா வாங்கலாமா? நெட்ல ரெண்டையும் தூக்கி வச்சுப் பேசறாங்க."

"முதல்ல பெட்டியத் திறப்போம்"னு சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம். 78 வேகத் தட்டுகள் 131. ஈ.பி. 164. எல்.பி. வெறும் 42. கொலம்பியா, ஏஞ்சல், எச்.எம்.வி., ஓடியன் லேபிள்கள், பலவற்றின் மேல் ஊர்ப்பெயரோடு ரப்பர் ஸ்டாம்ப். விமர்சகர்கள் சண்டை போடுவதெல்லாம் அந்த 42-க்காக மட்டும்தான்.

78 என்றதும் பலருக்கு பாகவதர் காலம்தான் ஞாபகம் வரும். மேற்கு நாடுகளில் 1960 வாக்கில் 78 கிட்டத்தட்ட முடிந்துபோனது உண்மை. இந்தியாவில் அப்படி இல்லை. கரண்ட் வராத ஊர்களில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் டம்டம் தொழிற்சாலையில் அரக்குத் தட்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டே இந்தியாவில் 78-ல் வந்திருக்கிறது, இன்றைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஆகவே நம்முடைய 78-களில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலமும் இருக்கு. அதை அருங்காட்சியகச் சமாச்சாரம் என்று ஒதுக்கினால் 1960-களின் சினிமாப் பாட்டையும் சேர்த்து ஒதுக்கியதாக ஆகும்.

இப்போது மெஷின்களுக்கு வருவோம்.

லின் சோன்டெக் எல்.பி.12. ஸ்காட்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் பிறந்தது, இன்னும் உற்பத்தியில் இருக்கிறது. தட்டும் கையும் மூன்று ஸ்பிரிங்குகளில் மிதக்கும் ஒரு துணைச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மோட்டார் தனியே நின்று பெல்ட் வழியாகச் சுற்றும். ஆடியோ உலகில் முதலில் ஸ்பீக்கரைக் கவனிக்காதே, ஒலி எங்கே தொடங்குகிறதோ அதைக் கவனி என்ற வாதத்தைக் கிளப்பி, கடைக்காரர்களின் பேச்சையே மாற்றிய மெஷின் இது. 2023-ல் ஐம்பதாம் ஆண்டுக்கு ஆப்பிளில் இருந்த ஜோனி ஐவின் நிறுவனத்தோடு சேர்ந்து 250 மட்டும் செய்தார்கள், ஒன்று 50,000 பவுண்டு. அந்த விலைக்கும் அதில் 78 கிடையாது. சாதாரண எல்.பி.12-லும் கிடையாது. பெட்டியில் ஐந்தில் இரண்டு பங்கை அந்த மெஷின் தொடவே முடியாது.

ரேகா இதற்கு நேர் எதிர்க் கட்சி. கனமாக இருந்தால் அதிர்வைச் சேமித்து வைத்து பிறகு திருப்பிக் கொடுக்கும், எனவே மெல்லிசாகவும் விறைப்பாகவும் செய் என்பது ராய் கேண்டியின் கொள்கை. பிளானர் 8, பிளானர் 10 இரண்டும் உடம்பே இல்லாத எலும்புக்கூடு மாதிரி இருக்கும். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் பிளானர் 10 கேட்டிருக்கிறேன். நல்ல எல்.பி. போட்டால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அவ்வளவு சுத்தமாக நிற்கும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் 33, 45 இரண்டே வேகம். ரேகா 78-க்கென்று தனியே ஒரு மாடல் செய்திருக்கிறார்கள், அது 78-ஐ மட்டும்தான் ஓட்டும்! அதைவிடப் பெரிய சிக்கல் கை. ரேகாவின் கை ஒரே வார்ப்பு, முனையைக் கழற்ற முடியாது. கார்ட்ரிஜ் மாற்ற வேண்டுமென்றால் தலைமுடி மாதிரி நாலு ஒயரைப் பிடுங்கி, திரும்பச் செருகி, கோணம் பார்த்து, எடை வைத்து... அரை மணி நேர வேலை. ஒரு எல்.பி. கேட்டுவிட்டு அடுத்து ஒரு 78 கேட்கலாமே என்று தோன்றினால் அவ்வளவுதான், தூக்கம் வந்துவிடும்.

கார்ட்ரிஜ் ஏன் மாற்றணும் என்று கேட்கலாம். எல்.பி. முள்ளின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-ன் பள்ளம் அகலமானது, அதற்கு 65-லிருந்து 75 மைக்ரான் வேணும். சின்ன முள்ளை 78-ல் போட்டால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும், சுவரைத் தொடாது. பாட்டு இருப்பது சுவரில்.

மைக் செட் ரெக்கார்டுக்கு இன்னொரு கூடுதல் விஷயம் உண்டு. கனமான இரும்பு முள் வருஷக்கணக்கில் ஒரே உயரத்தில் ஓடி அந்த இடத்தைத் தின்றிருக்கும். கொஞ்சம் பெரிய முள் போட்டால் அதற்கு மேலே உட்காரும், கொஞ்சம் சின்னது அதற்குக் கீழே. எந்த முள் தேயாத இடத்தைப் பிடிக்கிறது என்று தட்டுக்குத் தட்டு சோதித்துத்தான் பார்க்கணும். ஆவணக் காப்பக ஆட்கள் 78-ஐ டிஜிட்டல் ஆக்கும்போது நாலைந்து அளவு முள்ளை வரிசையாக வைத்திருப்பது இதற்காகத்தான். இந்த ஒரு சோதனை தரும் வித்தியாசத்தை எந்தப் பேரிங்கும் எந்தப் பெல்ட்டும் தராது என்பது என் கருத்து.

அடுத்தது நடுத்துளை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விமர்சனங்களில் ஒரு வரிகூட வராது.

டர்ன்டேபிள் விளம்பரங்களில் வேக ஏற்ற இறக்கத்தை ஒரு சதவீதமாகப் போடுவார்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200ஜி-க்கு 0.025 சதவீதம். இதை ஸ்வரக் கணக்கில் மாற்றினால், அரைக் கட்டை வித்தியாசத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், அரை சென்ட்கூட வராது. யார் காதுக்கும் எட்டாது. இப்போது ஒரு ஈ.பி.யை எடுங்கள். நடுத்துளை அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று வையுங்கள், நம்ம ஊர் பிரஸ்ஸிங்கில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. முள் 60 மி.மீ. ஆரத்தில் ஓடும்போது 0.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.83 சதவீதம். அதாவது சுருதி ஒவ்வொரு சுற்றிலும் 14 சென்ட் மேலே போய், 14 சென்ட் கீழே வரும். அளக்கும் முறைகள் ரெண்டுக்கும் வேறதான், அப்படியே ஒப்பிடக்கூடாது. ஆனால் இந்த இடைவெளி அளக்கும் முறையால் வந்ததில்லை. ஐம்பதாயிரம் பவுண்டு மெஷினில் போட்டாலும் அந்த 28 சென்ட் ஊசலாட்டம் அப்படியே இருக்கும். கண்ணாலேயே பார்க்கலாம், கை மெதுவாக உள்ளேயும் வெளியேயும் ஆடும்.

மேற்கத்திய ராக் பாட்டில் இது தெரியாமல் போகலாம். பியானோவில் தெரியும். நாகஸ்வரத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78-ல் வந்து ஊர் ஊராக ஒலித்தது. 78 தட்டு ஒரு சுற்றுக்கு முக்கால் நொடிதான் எடுக்கும். துளை தள்ளியிருக்கும் தட்டில் ஒரு நீண்ட காந்தாரம் முக்கால் நொடிக்கு ஒரு தடவை மெல்ல அசையும். எது அவர் போட்ட அசைவு, எது தொழிற்சாலை போட்டது? தோடி மாதிரி காந்தாரமே ஆடிக்கொண்டு நிற்கிற ராகத்தில் இது சும்மா ஒரு தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

இதைத் தீர்க்க முயன்ற பெரிய மெஷின்களில் ஒன்று ஜப்பானின் நாகமிச்சி டி.எக்ஸ்.-1000. 1980-களின் தொடக்கத்தில் வந்தது. தட்டின் கடைசிப் பள்ளத்தை ஒரு தனிக் கையால் அளந்து, மோட்டார் வைத்து மேல்தட்டையே நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவரும். சிடி வந்த காலம், விலையும் பயங்கரம், நிலைக்கவில்லை. டர்ன்டேபிள் வரலாற்றில் சரியான பிரச்சனையைக் கையில் எடுத்த மெஷின் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நமக்குக் கிடைக்காது. நம்ம தம்பி டூல் ரூம் ஆள், அவருக்கு இது ரன்-அவுட் பிரச்சனை என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "துளைய ரீமர் போட்டுக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டு, கை ஆடாம நிக்கற வரைக்கும் தட்டைத் தள்ளி வைக்கலாம்ணே"ன்னார். காப்பக ஆட்களும் சில சமயம் இதையேதான் செய்கிறார்கள். இன்னொரு பிரதி கிடைக்கும் ஈ.பி.யில் தாராளமாகச் செய்யலாம். ராஜரத்தினம் பிள்ளை தட்டில் ரீமர் வைக்க எனக்குக் கை வராது.

வேகத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை. 78 என்ற எண்ணே ரவுண்டு பண்ணியதுதான். ஸ்ட்ரோப் விளக்கில் வேகம் பார்க்கும்போது 50 ஹெர்ட்ஸ் நாட்டில் 77 கோடு வைத்தால் 77.92 வரும், 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் 92 கோடு வைத்தால் 78.26. இது பரவாயில்லை, 7 சென்ட் சமாச்சாரம். ஆனால் பழைய தட்டுகள் எல்லாம் 78-க்குப் பக்கத்திலேயே பதிவானவை என்ற உத்தரவாதமும் கிடையாது. 80-ல் வெட்டிய தட்டை 78-ல் ஓட்டினால் 44 சென்ட், ஏறக்குறையக் கால் கட்டை இறங்கிவிடும். ஆகவே 78 இருந்தால் மட்டும் போதாது, அதை ஏற்றி இறக்கவும் முடியணும்.

கால் கட்டை என்றதும் இன்னொன்று. பழைய சிங்க்ரனஸ் மோட்டார்கள் கரண்டின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு சுற்றும். தென்னிந்திய கிரிட் 2013 கடைசி நாளில்தான் தேசிய கிரிட்டோடு இணைந்தது, இன்றைக்கு 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைக்கணும் என்பது விதி. முன்பெல்லாம் 48.5-க்கு இறங்குவது சகஜம். அது மூன்று சதவீதம், 50 சென்ட்டுக்கு மேல். "அந்தக் காலத்துல சாயங்காலம் கேட்டா டி.எம்.எஸ். குரல் இன்னும் கனமா இருக்கும்" என்று யாராவது பெரியவர் சொன்னால் சிரிக்காதீர்கள், சாயங்காலம்தான் லோடு ஏறும் நேரம். நல்லவேளையாக இன்றைய உயர்விலை மெஷின்கள் தங்களுக்கு வேண்டிய ஹெர்ட்ஸைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றன. இந்த வகையில் லின், ரேகா, டெக்னிக்ஸ் எல்லாம் ஒன்றுதான்.

லின்னுக்கு நான் மதிப்பெண் கொடுக்கும் இடம் அதிர்வு. தம்பியின் வீடு சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையை ஒட்டி. கார் ஏற்றும் டிரெய்லரும் கன்டெய்னர் லாரியும் ராத்திரி முழுக்க ஓடும். கனரக வண்டி தரையில் கிளப்பும் அதிர்வு பெரும்பாலும் 5-லிருந்து 25 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். டோன்ஆர்மும் கார்ட்ரிஜும் சேர்ந்து இயல்பாக ஆடும் இடம் 8-லிருந்து 12. ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்று. ஸ்பிரிங்கில் தொங்கும் லின் இதை நன்றாக வடிகட்டும். ஆங்கில விமர்சனங்களில் லின் மேல் வரும் பெரிய புகார், அறையில் நடந்தால் முள் குதிக்கிறது என்பது. அது அவர்களுடைய மரத்தரையின் கோளாறு. நம்ம ஆர்.சி.சி. தரையில் நடந்தால் ஒன்றும் ஆகாது, லாரி போனால்தான் ஆகும். விமர்சகரின் வீடும் விமர்சனத்தில் ஒரு உறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதற்கு லின் வாங்கவேண்டியதில்லை. சாலைப் பக்கம் இல்லாத உள்சுவரில் கடப்பா கல் அலமாரி எல்லா வீட்டிலும் உண்டு. மேலே இன்னொரு துண்டு கடப்பா, நடுவே மெத்தென்ற ரப்பர் பாதம் நாலு. போனில் இருக்கும் ஆக்சிலரோமீட்டரை வைத்தே வித்தியாசம் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் என் ஆபீஸ் சென்சாரை வைத்துப் பார்த்தோம், லாரி போவது அலையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கேரார்டு 301 பற்றிச் சொல்லாமல் விட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள். 1950-களின் இங்கிலாந்து மெஷின், ரப்பர் சக்கரம் வைத்துத் தட்டைத் தள்ளும், 33, 45, 78 மூன்றும் உண்டு, வேகத்தைச் சற்றுத் திருகியும் வைக்கலாம். கேரார்டு பெயரும் புகழ்பெற்ற டோன்ஆர்ம் செய்த எஸ்.எம்.ஈ. கம்பெனியும் இன்று அஜய் ஷிர்க்கேயின் கேடன்ஸ் குழுமத்தின் கையில், அதாவது ஒரு இந்தியர் கையில். பெட்டிக்குப் பொருத்தம் என்று பார்த்தால் லின், ரேகா இரண்டையும்விட இந்த எழுபது வயசுக் கிழவனே மேல். ஆனால் புதிதாய்ச் செப்பனிட்டது நம் பட்ஜெட்டுக்குள் வராது, பழையதை வாங்கினால் கிரீஸும் ஐட்லர் சக்கரமும் தேடியே வாழ்நாள் போய்விடும்.

மிஞ்சுவது டெக்னிக்ஸ். 1972-ல் வீட்டுக்காக வந்து, டி.ஜே.க்கள் கைக்குப் போய், 2010-ல் நிறுத்தப்பட்டு, 2016-ல் புது மோட்டாரோடு திரும்பி வந்த எஸ்.எல்.-1200. மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றும், பெல்ட் இல்லை. "அது டிஸ்கோ மெஷின்" என்று உயர்விலை உலகம் பல வருஷம் மூக்கைச் சுளித்தது. அந்தச் சுளிப்பில் காது எவ்வளவு, அந்தஸ்து எவ்வளவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. முழுக்க அனலாக் என்று நம்பிப் பல விமர்சகர்கள் வருஷக்கணக்கில் கொண்டாடிய மொபைல் ஃபிடெலிட்டி தட்டுகளில் நடுவே டிஜிட்டல் படி ஒன்று இருந்தது 2022-ல் வெளிவந்ததே, அதற்குப் பிறகு "காதால் கண்டுபிடித்தேன்" என்ற வாக்கியத்தைப் பாதி நம்புகிறேன்.

1200ஜி, ஜிஆர் ரெண்டிலும் 33 பட்டனையும் 45 பட்டனையும் சேர்த்து அமுக்கினால் 78. பக்கத்தில் சறுக்கும் நெம்புகோல் 16 சதவீதம் வரை ஏற்றி இறக்கும். கையின் உயரத்தைத் திருகி மாற்றலாம். கழுத்தைத் திருகினால் ஹெட்ஷெல் கழன்று வரும், வேறு முள்ளோடு தயாராக இருக்கும் இன்னொன்றை மாட்டலாம், ஒரு நிமிஷம். டி.ஜே.க்களுக்காக வைத்ததெல்லாம் மைக் செட் பெட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை, அவர் அப்பா செய்த வேலையும் அதுதானே.

இதில் ஜி வாங்குவதா ஜிஆர் வாங்குவதா என்றால், ஜிஆர். ஜி-யின் கனத்த பித்தளைத் தட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வித்தியாசப் பணத்துக்கு வேறு வேலை இருக்கு. மூன்று ஹெட்ஷெல், எல்.பி.க்கு ஒரு நல்ல நுண்முனை முள், மோனோ ஈ.பி.க்கு ஒன்று, 78-க்கு ஒன்று, பிறகு அளவு மாற்றிப் பார்க்க ரெண்டு முள். அதோடு, பதிவுச் சமன்பாட்டை மாற்றும் வசதியும் மோனோ பட்டனும் உள்ள ஒரு போனோ ஆம்ப். 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு வருவதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு அளவில் பாஸைக் குறைத்து வெட்டினார்கள், அதை ஒரே வளைவில் கேட்டால் குரல் மந்தமாகவோ வீறிட்டோ வரும். மோனோ பட்டன் இன்னும் எளிய அற்புதம். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது, மேலும் கீழுமான ஆட்டம் எல்லாம் வெறும் கீறல் சத்தம். இரண்டு சேனலையும் கூட்டினால் அந்தக் கீறல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். (78-ஐச் சுத்தம் பண்ண ஆல்கஹால் கலந்த திரவம் மட்டும் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் போதும்.)

அந்த 42 எல்.பி.க்கு என்ன நியாயம் என்று கேட்கலாம். அதில் பாதி இளையராஜா, 1986-ல் வந்த 'ஹௌ டு நேம் இட்' உட்பட. அந்த வயலின்களை பிளானர் 10 இன்னும் கொஞ்சம் திறந்த வெளியில் வைத்துக் காட்டும் என்றே நினைக்கிறேன். அந்தக் கொஞ்சத்துக்காக 131 தட்டை ஊமையாக்க நான் சம்மதிக்கமாட்டேன். எல்.பி. மட்டுமே வைத்திருப்பவர் இந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ரேகா வாங்கலாம், தப்பே இல்லை.

தம்பி ஜிஆர் வாங்கிவிட்டார். நாலு லட்சத்தில் கணிசமாக மிச்சம். இப்போது ரெண்டு பேரும் மாட்டிக்கொண்டிருப்பது எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு ஒன்றில். அவர் 1933-லேயே போய்விட்டார், ஆகவே எந்த வேகத்தில் வெட்டினார்கள் என்ற கேள்வி இதில் நிஜமாகவே எழுகிறது. அந்தக் குரல் அவ்வளவு மேலே போகும் என்று எல்லோரும் சொல்வதில் எவ்வளவு தொண்டை, எவ்வளவு மோட்டார்? நாடகப் பாட்டு என்பதால் கூடவே ஹார்மோனியம் இருக்கு. ஹார்மோனியத்தில் கட்டைக்கும் அரைக் கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. 78-ல் ஓட்டும்போது அது எங்கள் வீட்டுப் பெட்டியின் ரெண்டு கட்டைக்கும் நடுவில் விழுகிறது. அந்தக் காலத்து ஹார்மோனியத்தின் சுருதியே கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. நெம்புகோலை ரெண்டு சதவீதம் கீழே இழுத்தால் ஒரு கட்டையில் பொருந்துகிறது, மூன்றரை மேலே தள்ளினால் அடுத்ததில். ரெண்டையும் பதிவு செய்து வைத்திருக்கிறோம். அதே வாரிசை எண்ணில், அதே லேபிளில் வேறு ஹார்மோனியத் தட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.